மூன்றாம் நம்பர் பச்சை

பச்சை என்றால் உங்களுக்கு ஒரு நிறம். எனக்குப் பதினேழு வருஷத் தலைவலி. பெயிண்ட் கடையின் பின்னறையில் நிறம் பொருத்துவது என் வேலை. ஒருவர் கிழிந்த மெத்தை உறையைக் கொண்டுவந்து, "இதே பச்சை வேணும்" என்பார். இன்னொருவர் பர்ஸுக்குள்ளிருந்து ஓர் இலையை எடுப்பார். கலக்கிக் கொடுத்து அனுப்பினால் நாலு நாள் கழித்து அதே இலையோடு வந்து, "சரியா வரலையே" என்று சண்டை போடுவார். உங்கள் இலை காய்ந்துவிட்டது ஐயா, அதற்கு நான் என்ன செய்ய?

அக்காவின் பிழைப்பு வேறு. ஒரு தேயிலைக் கம்பெனியில் தலைமை ருசி பார்ப்பவள். கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்ச வேண்டும், வாளியில் துப்ப வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம். வீட்டில் நான் அப்படி உறிஞ்சினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஒரே மடக்கில், இந்த மூட்டை எந்தக் கிடங்கில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது என்று அக்கா சொல்லிவிடுவாள். கம்பெனியில் அவளுக்கு மூக்கு மேடம் என்று பெயர்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடன்பிறந்த என்னிடமும்தான். நானே கண்டுபிடித்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம்.

அன்று என் அறையில் பெயிண்ட் இளக்கும் தின்னர் டப்பா திறந்தே கிடந்தது. கடை முதலாளியே கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டுதான் எட்டிப் பார்த்தார். அக்கா மட்டும் பூங்காவில் உட்காருவது போல ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து நான்கு சின்ன டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, தின்னர் திறந்திருக்கு. உனக்குத் தல சுத்தலையா?"

"திறந்திருக்கா?" என்றாள்.

அவ்வளவுதான். நான் அவளைப் பார்த்தேன், அவள் டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். கம்பெனி முதல்முறையாக ஜப்பானிலிருந்து மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடி வாங்கப் போகிறது. நாலு மாதிரி வந்திருக்கிறது. மேலாளருக்குப் போன மாதமே சந்தேகம் வந்துவிட்டது, சோப்பு வாடை அடித்த ஒரு சரக்கை அக்கா நல்லது என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து. அவர் எந்த வெயிலிலும் டை கட்டாமல் வெளியே வராத மனிதர். நானும் அக்காவும் அவரை டை என்றுதான் சொல்வோம்.

"வியாழக்கிழமை பங்குதாரர் எல்லாருக்கும் முன்னாடி நான் ருசி பாத்துச் சொல்லணுமாம்" என்றாள் அக்கா. "தப்பாச் சொன்னா இருபத்திரெண்டு வருஷம் உக்காந்த நாற்காலி போச்சு."

"இலைய அரைச்சு மாவாக்கி அனுப்பியிருக்காங்க. அதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"வாய மூடுடி. இத பாதிக்குப் பாதி கண்ணாலயே கண்டுபிடிக்கலாம். உன் கண்ண ரெண்டு நாளைக்கு இரவல் குடு."

பிறகு பாடம் எடுத்தாள். பறிப்பதற்குச் சில வாரம் முன்பே செடிக்குப் பந்தல் போட்டு நிழலில் வைப்பார்களாம், இலை நன்றாகப் பச்சை பிடிக்குமாம். நரம்பையும் காம்பையும் நீக்கிவிட்டுக் கல்லில் அரைப்பார்களாம். அப்புறம் வெளிச்சம், காற்று என்று என்னவோ சொன்னாள். வழக்கம்போல இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். அதற்கு எவ்வளவு விலை கொடுக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

வெள்ளை அட்டையில் நாலையும் விரலால் இழுத்தேன். ஒன்றாம் நம்பருக்கு மஞ்சள் காமாலை. விரலில் நறநறத்தது. இரண்டாம் நம்பர் பட்டாளத்துச் சட்டை. நான்கு சுமாரான பிள்ளை, படித்தால் தேறும். மூன்றாம் நம்பர் முகப் பவுடர் போல விரல் ரேகைக்குள் இறங்கியது. அட்டையில் இழுத்த கோடு அறுந்து போகாமல் நீளமாக ஓடியது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

"இது போலி. எந்த இலையிலயும் இந்தப் பச்சை வராது. இது என் தொழில் பண்றவன் பண்ண வேலை."

அக்கா கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். கொதித்ததும் ஊற்றப் போன என் கையில் ஓர் அடி விழுந்தது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் நல்ல மாட்சாவும் கசந்துபோகுமாம். ஆற விட்டாள். பொடியைச் சலித்தாள். துடைப்பத்தின் பணக்காரச் சித்தி மகள் மாதிரி இருந்த மூங்கில் மத்தால், மணிக்கட்டை மட்டும் ஆட்டிக் கலக்கினாள். மெல்லிய நுரை வந்து மூடியது. குடித்தாள். நாலையும் இப்படியே வரிசையாகப் பார்த்தாள். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாசனை சுத்தமா இல்ல. ஆனா நாக்கு இருக்குடி. முதல்ல ஒரு கனம், காளான் வெந்த தண்ணில இருக்குமே, அது. அப்புறம் இனிப்பு. கசப்பு கடைசில வந்து கதவத் தட்டிட்டுப் போயிடுது. மூணாம் நம்பர்தான்."

"கனமா? அறுசுவையில அது எது?"

"அந்த லிஸ்ட்லயே இல்ல. ஏழாவது."

நானும் ஒரு வாய் குடித்தேன். மழையில் நனைந்த புல்தரையில் குப்புற விழுந்தது போலிருந்தது. "உன் நாக்கு இப்ப அரை ஆளுதானே அக்கா, அத நம்பலாமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் டப்பாக்களை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

சரி, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். பெயிண்ட் தொழிலில் ஒரு நிறம் யோக்கியமானதா என்று பார்க்க ஒரே வழிதான், வெயிலில் வை. வெளுத்தால் மட்டம், நின்றால் தரம். சிட்டிகை வைத்துச் சோதிப்பவனை எங்கள் கடையில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே மூன்றாம் நம்பர் டப்பாவை அப்படியே ஒரு தட்டில் கவிழ்த்து, பரத்தி, ஜன்னலில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் கடைப் பச்சை அடித்த அட்டை ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தால் தட்டில் வைக்கோல் தூள்.

"வெளுத்துப் போச்சு! போலி!" என்று ஆளில்லாத அறையில் கத்தினேன். கத்திய வாய் மூடுமுன் பக்கத்து அட்டை கண்ணில் பட்டது. கடைப் பச்சை குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது. சாயம்தான் நிற்கும். வெளுப்பது இலை. பதினேழு வருஷமாக வாடிக்கையாளர்களிடம் கத்திக்கொண்டிருந்த அதே விஷயம். டப்பாவைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது, வெளிச்சம் படாமல் வைக்கவும் என்று. நாலு மாதிரியிலும் உத்தமமான ஒன்றை நான் வெயிலில் காயப்போட்டுக் கொன்றிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகவில்லை. பிள்ளையாரையே கரைத்துவிட்டேன்.

அக்காவுக்கு உடனே போன் செய்திருக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை அதை மறைக்க இன்னொரு பள்ளம் வெட்டாது. நான் வெட்டினேன். திங்கட்கிழமை இழுத்த அட்டை இழுப்பறையில் இருட்டில் இருந்ததால் அசல் நிறம் கைவசம் இருந்தது. நாலாம் நம்பரில் பாதியை எடுத்துக் காலியான மூன்றாம் டப்பாவில் போட்டேன். கேக்குக்குப் போடும் பச்சைத் தூளை வாங்கி வந்து ஊசி முனையளவு, இன்னொரு ஊசி முனையளவு, கொஞ்சம் மஞ்சள் நிறத் தூள் என்று சேர்த்தேன். பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு மூன்றின் கீழும் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. என் வாழ்நாளில் எதையும் இவ்வளவு அழகாகப் பொருத்தியதில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் வந்து டப்பாக்களை வாங்கிக்கொண்ட அக்கா, "நாளைக்கு நீயும் கூட வா. கலர் பாக்குறவள்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை. ருசி பார்க்கும் அறையில் நீளமான வெள்ளை மேசை, துப்புகிற வாளி, மூன்று பங்குதாரர்கள். மூவரில் மூத்தவர் காதில் மெஷின் வைத்த ஓர் அம்மா. டை ஒரு தடுப்புக்குப் பின்னால் போய், நாலு டப்பாவிலிருந்தும் நாலு கிண்ணம் தன் கையாலேயே கலக்கிக் கொண்டுவந்தார். சோப்புத் தண்ணீர் மாதிரிக் குமிழி.

"மேடம் மூணாம் நம்பர்தான் உசத்தின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதுல எது மூணுன்னு சொல்லட்டும், போதும். ஆனா கண்ணக் கட்டிட்டு."

சொல்லிவிட்டுத் தன் டையை அவிழ்த்து அக்காவின் கண்ணைக் கட்டினார். அந்த டை பிறவி எடுத்ததன் பயன் அன்றுதான் என்று நினைக்கிறேன். என் கண்ணுக்கும் வேலை போயிற்று. மூன்று விளக்கின் கீழ் நான் பொருத்திய பச்சையைப் பார்க்க வேண்டியவளே பார்க்கவில்லை.

அக்கா முதல் கிண்ணத்தை உறிஞ்சினாள். "இது ஒண்ணு." அடுத்தது, "ரெண்டு." மூன்றாவது கிண்ணம், "இது நாலு." கடைசியை உறிஞ்சினாள். நெற்றி சுருங்கியது. மறுபடி உறிஞ்சினாள்.

"இதுவும் நாலு. நாலாம் நம்பர ரெண்டு தடவ வெச்சிருக்கீங்க."

கிண்ணங்களின் அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு டை சிரித்தார். "நாலு டப்பா, நாலு கிண்ணம் மேடம். நீங்க உசத்தின்னு எழுதின மூணாம் நம்பர்தான் உங்க கையில இருக்கு." பங்குதாரர்கள் பக்கம் திரும்பினார். "இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"மூணாம் நம்பர் இந்த மேசையிலயே இல்ல" என்றாள் அக்கா. வார்த்தையை மாற்றவில்லை. அரை ஆள் என்று நான் சொன்ன நாக்கு.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் அவள் நாற்காலி போகும். மானம் எனக்கு அப்படியொன்றும் அதிகமாக இருந்ததில்லை. எழுந்தேன்.

"அக்கா சொல்றதுதான் சரி. மூணாம் நம்பர நான் வெயில்ல வெச்சுக் கெடுத்துட்டேன். அந்த டப்பாவுல இருக்கிறது நாலாம் நம்பர், கேக் கலர் போட்டு நான் பண்ணது."

"அக்காவும் தங்கச்சியும் பேசி வெச்ச நாடகம்" என்றார் டை. என் கைப்பையில், தூக்கிப் போட மனசு வராமல் அந்த வெளுத்த பொடியை மடித்து வைத்திருந்த பொட்டலம் இருந்தது. அதை மேசைமேல் வைத்தேன். காது மெஷின் அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, "அஞ்சு கிண்ணம் கலக்குப்பா. எடத்த மாத்தி மாத்தி வை. கண்கட்டு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

டை ஐந்து கிண்ணம் கலக்கி வந்தார். அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு, ஒன்று, நாலு, இரண்டு. கடைசிக் கிண்ணத்தை இரண்டு தடவை உறிஞ்சினாள். கண்கட்டுக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது.

"இது மூணு" என்றாள். "செத்துப்போன மூணு. இனிப்பு போயிடுச்சு. ஆனா அடியில அந்தக் கனம் கொஞ்சம் மிச்சமிருக்கு."

டை ஐந்து சீட்டையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

அக்கா கண்கட்டை அவிழ்த்தாள். "இன்னொண்ணும் சொல்லிடுறேன். எனக்கு ரெண்டு மாசமா வாசனை தெரியாது. சோப்பு வாடை சரக்கு என் தப்புதான். நாக்கு மட்டும் இருக்கு."

"எனக்கு இருவது வருஷமா ஒரு காது கேக்காது" என்றார் அந்த அம்மா. "இவங்களோட உக்கார அதுதான் வசதி. மாட்சாவ நீ பாரும்மா. மத்த டீய எல்லாம் மூக்கு வர்ற வரைக்கும் வேற யாராவது மோந்து பாக்கட்டும். தங்கச்சிய மட்டும் இந்தப் பக்கம் விடாத."

அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, "உன் அக்கா குளிக்கிறா" என்பார். பத்து நாளும் குளித்தாள். பதினோராம் நாள் மத்தியானம் என் அறைக்கு வந்து, புதிதாக வந்த மூன்றாம் நம்பர் டப்பாவை மேசையில் வைத்தாள். ஜன்னல் திரையை அவளே இழுத்து மூடினாள். தின்னர் டப்பாவை, இம்முறை கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, மூடி போட்டாள். தண்ணீரை ஆற வைத்து, சலித்து, கலக்கி, கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மஞ்சள் கொஞ்சம் கம்மி, நீலம் ஒரு இழை...

"கண்ண மூடுடி" என்றாள் அக்கா. "மூடிட்டுக் குடி."

மூடினேன். முதலில் அந்தக் கனம் வந்தது. அப்புறம் இனிப்பு.