நூற்றிருபது இலக்கப் பொய்

“நூறு தடவை சோதிச்சாச்சும்மா, நூறும் பாஸ். இது பகா எண்தான். உனக்கு இதுல என்ன சந்தேகம்?”

“சந்தேகமே இல்ல, கதிர்தா. பகா எண் இல்லைன்னு நிச்சயமாத் தெரியும்.”

கதிரேசன் கையிலிருந்த கண்ணாடித்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். புரொஜெக்டரில் வைத்துக் காட்ட வேண்டிய தாள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில், கருத்தரங்க அறைக்கு வெளியே, ஒன்றாகக் கணித ஆராய்ச்சி செய்த தமிழர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். பத்து நிமிடத்தில் அவன் பேச வேண்டும்; நன்றாகப் பேசிவிட்டால் விரிவுரையாளர் வேலை அவனுக்குத்தான். உரையின் உச்சமே தாளிலிருந்த நூற்றிருபது இலக்க எண்.

அந்த எண்ணை வனஜா தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

இரண்டு வருடம் முன்பு, தொண்ணூற்றேழில், அம்மாவின் ஆபரேஷனுக்காகக் கரக்பூர் ரயில்வே குடியிருப்பிலிருந்த வீட்டுக்குப் போனாள். பதினைந்து நாள் கழித்துத் திரும்பினால், அவள் நோட்டிலிருந்த தேற்றம் கதிரேசன் பெயரில் கணிதப் பத்திரிகைக்குப் போயிருந்தது. “நம்ம ஆளுங்களுக்குள்ள என்னம்மா உன்னுது, என்னுது?” என்று சிரித்தான். அன்றோடு அவள் வாயிலிருந்து ‘அண்ணா’ உதிர்ந்தது. வங்காளிகள் மூத்தவர் யாரையும் கூப்பிடுவதுபோல ‘கதிர்தா’ என்றாள். அழவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. உட்கார்ந்து ஓர் எண்ணைச் செய்தாள்.

பகா எண்ணை ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறெதுவும் மீதியின்றி வகுக்காது. பெரிய எண்ணை வகுத்து வகுத்துப் பார்க்க ஆயுசு போதாது. அதனால் கதிரேசன் பழைய சோதனை ஒன்றை நம்பினான். ஏதாவது ஒரு சிறிய எண்ணை எடு. பெரிய எண் எவ்வளவோ அத்தனை முறை அதை எழுதிப் பெருக்கு. பெரிய எண்ணால் வகு. எடுத்த எண்ணே மீதியாக வந்தால் பாஸ். பகா எண்கள் எல்லாம் இதில் தேறும். சில வேஷதாரிகளும் தேறிவிடும். 561 அப்படித்தான், எதை வைத்துச் சோதித்தாலும் யோக்கியனாக நிற்கும். பிரித்தால் 3, 11, 17.

வனஜா ஒரு கோடை முழுக்கத் தேடி, ஏறக்குறைய நாற்பது இலக்கத்தில் மூன்று பகா எண்களைப் பொருத்திப் பெருக்கினாள். விடையை நோட்டில் எழுதிக் கட்டம் போட்டாள். கீழே ‘பகா எண்’ என்று தன் கையாலேயே பொய் எழுதினாள். நோட்டை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டு, டாக்குரியா ஏரிக்கரையில் மதியம் முழுக்க நடந்தாள். அவள் திரும்பியபோது நோட்டு மூடியிருந்தது.

“அந்த மாதிரி வேஷம் போடுற எண் ரொம்ப அபூர்வம்ல?” என்றான் கதிரேசன், அறை வாசலில் நின்றபடி.

“அபூர்வம்தான். நானே செஞ்சேன்.”

“சும்மா பயமுறுத்தாத. எங்க, காரணியைச் சொல்லு பாப்போம்.”

“மூணு இருக்கு. கேள்வி நேரத்துல போர்டுல எழுதிப் பெருக்கிக் காட்டுறேன். உனக்கு எப்படித் தெரியும்னு என்னைக் கேப்பாங்க. நோட்டுக் கதையையும் சொல்ல வேண்டியதுதான்.”

“கதிரேஷ் பாபு, ஆஷுன்!” உள்ளேயிருந்து வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தாளை மறைத்தும் பயனில்லை. அச்சடித்த உரைச்சுருக்கத்தில் அதே எண் எல்லோர் மடியிலும் இருந்தது. அவன் நெற்றி வியர்ப்பதை வனஜா நிதானமாகப் பார்த்தாள். இரண்டு வருடமாக வெயிலில் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் தண்ணீர் குடித்தது.

“வனஜா,” என்று நெருங்கி வந்தான். “அந்த மூணையும் எங்கிட்டச் சொல்லிடும்மா. தப்பை நானே கண்டுபிடிச்சதா மேடையில சொல்லிக்கிறேன்.”