வளைவில் நின்ற கார்

காலையில் எழுந்ததும் தனேஸ்வரன் கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் குளித்துவிட்டு வந்தான். ஒரு குவளை கோப்பி, இரண்டு துண்டு ரொட்டி. ரொட்டியில் எதுவும் தடவவில்லை. குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். இரும்புக் கதவைத் திறந்து, காரை வெளியே எடுத்து, இறங்கிவந்து கதவைப் பூட்டினான். குனோங் ராபாட்டில் அந்த வரிசை வீடுகளில் எல்லாரும் இரண்டாவது காரைச் சாலையோரம் நிறுத்துவார்கள். அவனிடம் இப்போது ஒரு கார்தான்.

கல்லூரியில் அவன் படித்தது இயந்திரவியல். வேலை அமைந்தது ஈப்போவில் ஒரு கார் பள்ளியில். லைசென்ஸ் எடுக்க வருபவர்களுக்குச் சாலை விதிகள் சொல்லிக்கொடுப்பான். சனிக்கிழமை வகுப்பு தமிழில். மனைவி கலாதேவி இறந்து, கருமாதி முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி வரிசையில் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். கலாதேவியின் அம்மா. பத்து காஜாவில் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துபவர். கருமாதிக்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

“அத்த? நீங்க எங்க இங்க?”

“லைசென்ஸ் எடுக்கலாம்னு வந்தேன் சார்,” என்றார். சார் என்றுதான் சொன்னார். மடியில் கைப்பை, அதன் மேல் புதிய பேனா.

அவன் முன்னால் போய் நின்றான். வெள்ளைப் பலகையில் சாலையை வரைந்தான். அன்றைய பாடம், காரை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பது.

“ஆள் எறங்குற வரைக்கும் நிக்கிறது ஒண்ணு. காரை விட்டுட்டுப் போறது ஒண்ணு. வளைவுல ரெண்டுமே கூடாது. மேட்டு உச்சியில, பாலத்து மேல, முச்சந்தி வாயில, தீயணைப்புக் குழாய்க்கு முன்னால, எங்கயும் கூடாது.”

முன்வரிசையில் இருந்த ஐயாவு கையைத் தூக்கினார். காவலாளி வேலை பார்ப்பவர், ஐம்பதைத் தொடப் போகிறவர். “டபுள் சிக்னல் போட்டுட்டா சார்? அஞ்சு நிமிஷம்லா. ஒரு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்குற நேரம்.”

“டபுள் சிக்னல் போட்டா சட்டம் மாறிடாதுண்ணே.”

“சம்மன் எழுதவும் அதே அஞ்சு நிமிஷந்தான்,” என்றாள் பக்கத்தில் இருந்த புனிதா. “உங்க நாசி லெமாக் எரநூறு வெள்ளி ஆயிடும் பாத்துக்குங்க.”

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பே பின்னால் இருந்து குரல் வந்தது.

“சார், அந்த வளைவுல கோயில் இருந்தா?”

நல்லம்மாள் எழுந்து நின்றிருந்தார்.

“முனி கோயிலாக்கா?” ஐயாவு திரும்பிப் பார்த்துச் சொன்னார். “அப்பறம் என்னா பயம்? காருக்கு முனியே ஜாகா, என்னாட்டம் காவலுக்கு நிப்பாரு. போலிசே எறங்கிக் கும்பிட்டுட்டுப் போவான்லா.”

மறுபடியும் சிரிப்பு. தனேஸ்வரன் சிரிக்கவில்லை. ஐயாவு சொன்னதைத்தான் ஊரே செய்தது. பழைய சாலையில் ரப்பர் தோட்டம் இருந்த இடங்களில் எல்லாம் ஒரு முனி இருப்பார், வளைவிலோ பாலத்தடியிலோ. பாதிக் காரைத் தாரிலும் பாதியைப் புல்லிலும் விட்டுவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கிப்போய் சூடம் கொளுத்துவார்கள். ரப்பர் போய் செம்பனை வந்த பிறகும் அது மாறவில்லை. சாமி கண்முன் நிற்கும் காருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினார்கள். கலாதேவியின் காரும் பீடோருக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு வளைவில்தான் நின்றது. லாரி பின்னால் இருந்து வந்தது.

“கோயில் இருந்தாலும் வளைவு வளைவுதாம்மா,” என்றான். “பின்னால வர்றவனுக்கு உங்க கார் தெரியாது. தெரியிறப்ப பிரேக் பிடிக்க அவனுக்கு இடம் இருக்காது.”

பல வருடமாகச் சொல்லிவரும் வாக்கியம். குரல் எப்போதும் போலவே வந்தது.

“அப்ப தப்பு யாரோடது சார்? நிறுத்துனவங்களோடதா, நிறுத்தச் சொன்னவங்களோடதா?”

“ஓட்டுறவங்கதான் பொறுப்பு.”

“சொன்னவங்களுக்கு ஒண்ணும் இல்லயா?”

“சட்டத்துல இல்ல.”

“சட்டத்துல இல்ல,” என்று மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேனாவைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

அவன் பாடத்தைத் தொடர்ந்தான். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, கதவைத் திறக்கும் முன் மோட்டார்சைக்கிள் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது. இடைவேளையில் எல்லாரும் எதிர்க் கடைக்குப் போனார்கள். நல்லம்மாள் மட்டும் அசையவில்லை. தனேஸ்வரன் பால் சேர்க்காத தே ஓ இரண்டு வாங்கிவந்து ஒன்றை அவர் முன் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நெசமா லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா அத்த?”

“எனக்கு எதுக்கு மாப்ள லைசென்சு? ஒங்கள வீட்டுக்கு வாங்கன்னா வர மாட்டேங்கிறீங்க. போன் பண்ணா எடுக்கிறதில்ல. காசு கட்டுனா பதில் சொல்லித்தான ஆவணும்.”

அவன் குனிந்துகொண்டான்.

“அந்த முனி எங்க தோட்டத்து முனி. நான் பொறந்த தோட்டம். வெறும் ஹார்ன் அடிச்சிட்டு ஓடாதடி, எறங்கி ஒரு சூடமாச்சும் கொளுத்துன்னு நான்தான் அவகிட்ட ஓயாம சொல்லுவேன். அன்னிக்குக் காலையிலயும் சொன்னேன். கார் கோயிலுக்கு நேராதான் நின்னுச்சாம். வேற எதுக்கு நிப்பா? அன்னிலேர்ந்து நான் வெளக்கு ஏத்தல. எந்தக் கையால ஏத்துறது?”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கலா கடைசியாக என்ன சொன்னாள் என்று இழவு வீட்டில் ஆளாளுக்குக் கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவன் பதில் சொன்னான். அவள் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதையாவது காப்பாற்றுவோம் என்று இருந்தான். இந்த அம்மாள் இப்படி ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“அவ சூடம் கொளுத்த நிறுத்தல அத்த.”

“என் மனசுக்காகச் சொல்றீங்க.”

“இல்ல. கார நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணா. பேசிட்டு வச்சதுக்கு அப்பறந்தான் லாரி.”

நல்லம்மாள் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தார். பொய் வருகிறதா என்று தேடுகிற பார்வை.

“என்ன சொன்னா? உள்ளதச் சொல்லுங்க மாப்ள. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

கலா மூச்சு விடாமல் பேசுகிற அதே வேகத்தில், ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னான்:

“முனிக்கு ஒரு ஹார்ன் அடிச்சாச்சுங்க, பக்கத்துல கொய்யாக்காக் கடைய பாத்ததும் வாய் ஊறிப்போச்சு, நிறுத்திட்டேன்லா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சாமிக்கு நிறுத்தாதவ கொய்யாக்காவுக்கு நிறுத்துனியாடின்னு பேசியே கொன்னுடும். ஒங்களுக்கு உப்பும் புளிப்புமா அசாம்பொய் தூள் போட்டதா, சும்மாவா?”