ஒரு வாய்த் தண்ணீர்

“பெரியப்பா, இந்தச் செடிக்கு மட்டும் ஏன் நரைச்சுப் போச்சு?” என்று, வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் இவளுடைய மகள் நாலு வயதில் ஒருமுறை கேட்டாள். வெள்ளி நிற இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மெக்கானிக், உள்ளே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “உங்க பெரியம்மாகூடக் குடும்பம் நடத்தினா எதுவும் நரைச்சிரும், கண்ணு.”

“காதுல விழுது!” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. அதுவரை தோட்டத்துப் பக்கமே வராத அவர் மனைவி, இவளுக்கு அக்கா, இப்போது விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறாள். மாலையில் இன்னொரு வாளி. வெயிலிலும் வறண்ட மண்ணிலும் வருடா வருடம் ஊதாப்பூ பூத்துப் பழகிய செடி அது. அடியிலைகள் கறுத்துக் கொழகொழவென்று அழுகல் வாடையோடு தொங்கின. ஆஸ்பத்திரிச் சலவை அறையில் எட்டு மணி நேரம் ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டுவிட்டு வருகிற இவளுக்கு அந்த வாடை புதிதல்ல.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். “அக்கா, தண்ணிய கொஞ்சம் குறைச்சா பொழச்சுக்கும். அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவதான் ஊத்துவாரு.”

அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. “கடைசி நாள் தண்ணி தண்ணின்னு கேட்டாருடி. ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க டாக்டருங்க. நானும் குடுக்கல. இதுக்காவது ஊத்துறேனே.” வாளி காலியானதும், “இதுவும் போயிட்டா நான் எதுக்குக் காலையில எழுந்திரிக்கணும், சொல்லு” என்றாள்.

இரண்டு வருடம், இவள் வேலை முடிந்து வரும்வரை மகளுக்குச் சோறூட்டித் தூங்க வைத்தவள் அந்த அக்கா. நன்றி சொல்லப் போனால், “போடி, போய்ப் படு” என்று கதவைச் சாத்திவிடுவாள்.

வியாழக்கிழமை அக்கா கண் பரிசோதனைக்குப் போனாள். இவளுக்கு விடுமுறை, இடுப்பு விட்டுப்போனதுபோல வலி. படுத்தவள் எழுந்தாள். தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு, நாலு நடை மணலும் சரளையும் சுமந்து வந்தாள். செடியைப் பெயர்த்து, அழுகிய வேர்களைக் கிள்ளினாள். முழங்கை ஆழம் தோண்டி, சரளை கொட்டி, மணலைக் கலந்து, செடியைப் பழைய இடத்திலேயே சற்று மேடாக உட்கார வைத்தாள். புதுமணல் தெரியாதபடி மேலே பழைய மண்ணைத் தூவினாள். தன் செருப்புத் தடத்தையும் கையால் அழித்தாள்.

“எவ்வளவு ஊத்தினாலும் தாங்கணும், சாமி.”

அக்காவின் வாளியை நிரப்பி ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் தளும்பி நின்றது. பிறகு, தாகமெடுத்த ஒருவர் குடிப்பதுபோல, மண் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.