ஓடினவனுக்கு அடி

கொள்ளிடம் என்ற பெயரில் திருச்சியில் ஒரு டூம் மெட்டல் குழு இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது என்று சொன்னால் திருச்சிக்காரர்களே நம்ப மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் குழுவின் பாட்டை நேரில் கேட்டவர்கள் அத்தனை பேரையும் ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றினால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும். அவர்களிலும் பாதிப் பேர் முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்து போனவர்கள். டூம் மெட்டல் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கிடாரின் கம்பிகளைத் தளர்த்தி, ஸ்பீக்கர் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்குச் சத்தத்தைத் திருகி, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடித்துவிடலாம் என்கிற மாதிரி மெதுவாக வாசிப்பது.

ஆட்கள் மூன்று பேர். கிடாரும் குரலும் நவநீதன். ஸ்ரீரங்கத்தில் வீடு, துவாக்குடியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டி வெல்டிங் அடிக்கிற வேலை. டிரம்ஸ் கலீம், காந்தி மார்க்கெட் பக்கத்தில் அப்பா விட்டுப்போன வெங்காய மண்டியை நடத்துகிறவன். பேஸ் கிடார் ரெஜிஸ். சமயபுரம் திருவிழாவுக்கும் மாதா கோயில் தேருக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற சவுண்ட் சர்வீஸ்காரன். இவனுக்குக் காது நல்ல காது. வாயும் இருக்கிறது, ஆனால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க மாட்டான். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

கல்லூரி நாட்களில் அவர்களும் எல்லோரையும் போலத் தலைதெறிக்கத்தான் வாசித்தார்கள். ஒரு விழாவில் மேடைக்குச் செருப்பு வந்தது. அந்தச் சோகத்தில் மண்டியில் உட்கார்ந்து தங்கள் பாட்டை டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டபோது, பேட்டரி தீர்ந்துபோய் பாட்டு இழுத்தது. குரல் பாதாளத்துக்கு இறங்கியது. டிரம்ஸ் யாரோ குழி வெட்டுகிற மாதிரி விழுந்தது. நவநீதன் எழுந்து நின்றுவிட்டான்.

"டேய், இதுதான்டா நம்ம பாட்டு."

மறுநாளிலிருந்து அந்தத் தீர்ந்துபோன பேட்டரியின் வேகத்தில் வாசிக்கப் பழகினார்கள். சொல்வது சுலபம். மெதுவாக வாசிப்பதுதான் மனிதனால் ஆகாத காரியம், கை தானாக முன்னால் ஓடும். அதனால் ஒரு ரூல் வைத்தார்கள். யார் ஓடினாலும் மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஓர் அடி அடிக்கலாம். அந்த நாளில் மூன்று பேருமே ஓடினார்கள், மூன்று பேருமே தோளில் குத்து வாங்கினார்கள், வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனார்கள்.

வருஷம் போகப் போகப் பாட்டு இன்னும் மெதுவானது, அடி பலமானது. குத்து பெல்ட் ஆனது. பெல்ட் போய், நவநீதன் பட்டறையிலிருந்து எடுத்துவந்த இரும்புக் கம்பி ஆனது. ஒரு முறை கலீம் அடித்ததில் நவநீதனுக்கு விலா எலும்பு விரிசல் விட்டது. அவன் வலியில் சுருண்டு கிடந்தபடியே, "சரியான அடிடா!" என்று கலீமைக் கட்டிக்கொண்டான். அடிபட்ட பிறகு வாசிக்கிற பாட்டில் ஒரு கனம் வருகிறது என்று மூன்று பேரும் மனசார நம்பினார்கள். இந்தக் கூத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் கடைசி இரண்டு வருஷமாக அடி வாங்கியது கலீம் மட்டும்தான்.

பட்டறையில் நவநீதனின் இடது கை மேல் ஒரு தகடு விழுந்திருந்தது. காயம் ஆறியது, விரல்கள் பழையபடி மடங்கவில்லை. கிடாரில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு விரல் போய்ச் சேர்வதற்குள் தாளம் தாண்டிவிடும். ரெஜிஸ் எப்போதும் அந்தக் கையைப் பார்த்துத்தான் தன் விரலை மாற்றுவான். அந்தக் கை பிந்தினால் இவனும் பிந்துவான். இரண்டு பேர் பின்னால் நின்றால், சரியாக நிற்கிற மூன்றாமவன் ஓடியவனாகிவிடுகிறான். பின்தங்கியவனுக்கு அடி என்று அவர்கள் ரூலில் கிடையாது. மெதுவாகப் போவதே பெருமை என்று இருக்கிற இடத்தில் அதை யார் யோசிப்பார்கள்?

ரெஜிஸுக்கு இது நன்றாகத் தெரியும். சொன்னால் நவநீதன் கிடாரைக் கீழே வைக்க வேண்டும், கொள்ளிடம் அதோடு முடிந்தது. கொள்ளிடம் இல்லாவிட்டால் ரெஜிஸ் கல்யாண மண்டபங்களில் மைக் டெஸ்டிங் சொல்லிவிட்டுப் பந்தி முடியும்வரை காத்திருக்கிற ஆள், அவ்வளவுதான். அதனால் வாயை மூடிக்கொண்டு, தன் முறை வரும்போது கலீமைப் பட்டும் படாமல் ஓர் அடி அடித்துவந்தான். மெதுவாகத்தானே அடிக்கிறோம் என்று அதிலும் ஒரு சமாதானம்.

இப்படி இருக்கும்போதுதான் ஃபின்லாந்தில் ஒரு சின்ன கம்பெனி அவர்களுடைய பாட்டை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நடுவில் வெட்டாமல், ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்து அனுப்ப வேண்டும். மண்டிக்கு விடுமுறை நாள் பார்த்து, மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ரெஜிஸ் மைக்குகளைக் கட்டினான்.

முதல் தடவை பாதியில் நவநீதன் கையைத் தூக்கி நிறுத்தினான். "கலீம், ஓடற."

கலீம் எழுந்து முதுகைக் காட்டினான். நவநீதன் அடித்தான். ரெஜிஸ் அடித்தான். மறுபடி வாசித்தார்கள்.

இரண்டாம் தடவை இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றது. நவநீதன் வீசிய வீச்சில் கலீமின் சட்டை முதுகில் கிழிந்து ரத்தம் கசிந்தது.

மூன்றாம் தடவை பாட்டு முடிகிற நேரம். டிரம்ஸில் இன்னும் நாலைந்து அடிகள் விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நவநீதனின் விரல் கம்பியில் வழுக்கியது. கிடார் அபசுரமாகக் கத்தியது. அவன் கிடாரைக் கழற்றி மூட்டை மேல் எறிந்துவிட்டு, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கலீம் மேல் பாய்ந்தான்.

"எத்தனை தடவைடா சொல்றது உனக்கு! கடைசில வந்து கெடுத்துட்டியேடா!"

கேட்டுக்கொண்டே அடித்தான். ஓர் அடி என்கிற ரூல் எங்கே போனதென்று தெரியவில்லை. தோளில், இடுப்பில், தொடையில் விழுந்தது. கலீம் டிரம்ஸோடு சரிந்து விழுந்து, மேலே விழுந்த சிம்பல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நான் ஓடலடா. இந்தத் தடவை சத்தியமா ஓடல." மூச்சு வாங்கியபடி ரெஜிஸைப் பார்த்தான். "மச்சான், நீ நடுவுல நிக்கிற. உனக்குக் காது இருக்கு. நீ சொல்லு, நான் ஓடினேனா?"

ரெஜிஸ் நவநீதனைப் பார்த்தான். நவநீதன் கண்ணை எடுக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் முன்னாடி போயிட்ட மச்சான்" என்றான் ரெஜிஸ்.

நவநீதன் கம்பியை இவன் கையில் திணித்தான். "உன் முறை. எப்பவும் போலத் தடவிக் குடுக்காத."

அந்தக் கேள்வியைக் கேட்டுத் தன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டான் என்று கலீம் மேல் ரெஜிஸுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், கோழைக்கு வருகிற கோபம் அப்படித்தான் வரும். தோளைக் குறிவைத்து முழுப் பலத்தோடு வீசினான். அத்தனை வருஷத்தில் அடியைத் தடுக்கக் கை தூக்காத கலீம் அன்றைக்கு வலது கையைத் தூக்கிவிட்டான். மணிக்கட்டில் பட்டது. பச்சை வேப்பங்குச்சியை ஒடிக்கிற சத்தம் கேட்டது.

கலீம் கத்தவில்லை. தொங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "பாட்டை முடிச்சுடலாமாடா?" என்று கேட்டான். பிறகுதான் மயங்கி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவன் சொன்னது, மூட்டை சரிந்து விழுந்துவிட்டது என்று. எலும்பு நொறுங்கியிருக்கிறது, வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் மணிக்கட்டு பழையபடி சுழலுமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கலீமின் மனைவி சுராயா கணவனின் கிழிந்த சட்டையையும் முதுகையும் பார்த்துவிட்டு ரெஜிஸிடம் வந்தாள்.

"மூட்டையாண்ணே?"

"ஆமாம்மா" என்றான் ரெஜிஸ்.

மறுநாள் காலையில் பதிவானதை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் டிக் டிக் என்று தாளம் தப்பாத ஓசையைப் போட்டு, அதன்மேல் கலீமின் டிரம்ஸை மட்டும் ஓடவிட்டான். ஒரே ஓர் இடத்திலாவது கலீம் ஓடியிருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே கேட்டான். மூன்று தடவை வாசித்ததிலும், முதுகு கிழிந்த பிறகு வாசித்ததிலும்கூட, கலீம் ஓடவே இல்லை. கிடார்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் பிந்தி வந்தது. பேஸும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனான். மேலூர் ரோட்டில் மாடி வீடு. நவநீதன் இடது கையை வெந்நீர்ச் சட்டியில் விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"கலீம் ஓடல" என்றான் ரெஜிஸ்.

"கை எப்படி இருக்கு அவனுக்கு?"

"நேத்து பதிவானதைக் கேட்டுட்டு வரேன்டா. அவன் ஓடல. உன் விரல்தான் வரல. நீதான் இழுக்கற."

"தெரியும்."

நவநீதன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியாது. அடிச்சா மெதுவாயிடுவான்னு பாத்தேன். அவன் கொஞ்சம் மெதுவாயிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும்ல? இன்னும் ஒரு அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கலாம்."

ரெஜிஸ் சட்டியை எட்டி உதைத்தான். வெந்நீர் நவநீதன் முகத்தில் அடித்தது. அவன் எழுவதற்குள் தாடையில் ஒரு குத்து விட்டான். இரும்போடு மல்லுக்கட்டுகிற உடம்பு அது, சும்மா இருக்குமா? தலையாலேயே ரெஜிஸின் வாயில் முட்டியது. உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. இரண்டு பேரும் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, கழுத்தைப் பிடித்து, கடித்து, சுவரில் மோதி உருண்டார்கள். கடைசியில் ரெஜிஸ் மேலே இருந்தான். முழங்காலால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, வீங்கிய இடது கையைப் பிடித்து விரல்களைப் பின்பக்கமாக மடக்கினான். நவநீதன் மாடு மாதிரி அலறினான்.

"ஒடைச்சுடுடா! என்ன பாக்கற? ஒடை! நீயும்தானே என் கூடவே பின்னாடி வந்த!"

ரெஜிஸ் இன்னும் மடக்கினான். அந்தக் கையைத்தான் அவன் இருபது வருஷமாகக் கண் கொட்டாமல் பார்த்து வாசித்திருந்தான். அவனால் ஒடிக்க முடியவில்லை. விட்டுவிட்டு எழுந்து, வாயிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்டப் படி இறங்கினான்.

கலீம் வீட்டில் கதவைத் திறந்தது சுராயா. இவன் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! உங்க மேலயும் மூட்டை விழுந்துடுச்சாண்ணே?"

கலீம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ரெஜிஸ் உட்காரவில்லை. நின்றபடியே, சுராயாவையும் வைத்துக்கொண்டே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ரூல், கம்பி, நவநீதனின் விரல், நேற்று சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. "நீ ஓடல மச்சான். ரெண்டு வருஷமா நீ ஒரு தடவைகூட ஓடல. எனக்கு அப்பவே தெரியும்."

சுராயா சுவரில் சாய்ந்துகொண்டாள். கலீம் குனிந்து மாவுக்கட்டைப் பார்த்தான். அவன் சந்தோஷப்படுவான் என்று ரெஜிஸ் நினைத்தானோ என்னவோ, அப்படி நினைத்திருந்தால் அவனைப் போல் ஒரு முட்டாள் கிடையாது.

"ஏன்டா சொன்ன?" என்றான் கலீம். "நான் ஓடினவனாவே இருந்துட்டுப் போயிருப்பேன்டா. ஓடினா சரி பண்ணிக்கலாம். கை ஆறினதும் பழகிட்டு வந்து உக்காந்திருப்பேன். ஆபரேஷனுக்கு அதை நெனச்சுத்தான் ஒத்துக்கிட்டேன். இப்ப நான் எங்கடா வர்றது? யாரோட வாசிக்கிறது?"

"மச்சான்..."

கலீம் எழுந்து வந்து மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே ரெஜிஸின் முகத்தில் அடித்தான். அடித்த வலியில் அவனே ஊளையிட்டான். மறுபடி ஓங்கி அடித்தான். கட்டு விரிசல் விட்டு வெள்ளைத் தூள் கொட்டியது. "கை! கை! ஐயோ உங்க கை!" என்று சுராயா கத்தினாள். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது ரெஜிஸ் அந்தக் கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். கலீம் திமிறினான், உதைத்தான். ரெஜிஸ் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னான்.

"இந்தக் கை வேணாம்டா. அந்தக் கையால அடி."

கலீம் இடது கையை மடக்கி அடித்தான். மறுபடியும் அடித்தான். சுராயா தடுக்க வரவில்லை.