உம்மாவின் இந்தி

ஊரைவிட்டு வடக்கே கசார்வாடிக்கு வந்து பதிமூன்று வருஷமாகியும் சைனபுவுக்கு இந்தி ஒட்டவில்லை. காய்க்காரனிடம் விரலை நீட்டிச் சமாளித்துவிடுவாள். டாக்டரிடம் அது நடக்குமா? அங்கே மகள் இன்ஷாதான் வாய். எட்டு வயதிலிருந்து உம்மாவின் மூட்டுவலி, மயக்கம், மாதவிலக்குக் கோளாறு எல்லாவற்றையும் இந்தியில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வெட்கமே விட்டுப்போயிருந்தது.

இப்போது அவளுக்குப் பதினாறு. தன் வலியைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாலு மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை. குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுவாள். காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. சொன்னால் உம்மாவுக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று பயம்.

அன்று உம்மாவின் மூட்டுவலிக்கு டாக்டரம்மா மாத்திரை எழுதி முடித்த பிறகும் சைனபு எழுந்திருக்கவில்லை.

"ஒன்னயப் பத்திக் கேளுளா. திங்க மாட்டேங்க, யார்கிட்டயும் பேச மாட்டேங்க. என்னன்னு கேளு."

இன்ஷா திரும்பி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா போடவேண்டும் என்று இந்தியில் கேட்டாள்.

"பின்பு," என்றார் டாக்டரம்மா.

"என்ன சொன்னாவ?"

"பரீட்சை நேரத்துல எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானாம் உம்மா. தன்னால சரியாப் போயிருமாம்."

டாக்டரம்மா சொன்னது ஒரே சொல். தான் சொன்னது எவ்வளவு நீளம் என்று அந்த அவசரத்தில் இன்ஷாவுக்கு உறைக்கவில்லை. உம்மாவுக்கு உறைத்துவிட்டது. இந்தி தெரியாவிட்டால் காதும் கேட்காதா என்ன?

யாராவது சிரித்துவிடுவார்கள் என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்காத சைனபு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"டாக்டர்... மேரா பேட்டி. நை காத்தா. பானி சாலு, அந்தர் ரோத்தா." குழாயைத் திருகுவதுபோலக் கையைத் திருகிக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக் காட்டினாள். "ரோஜ் ரோத்தா." மகள் சாப்பிடுவதில்லை, தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளே அழுகிறாள், தினமும் அழுகிறாள் என்று உடைந்த இந்தியில் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் இன்ஷாவுக்குப் புரிந்தது. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு இன்ஷாவைப் பார்த்தார். "எத்தனை நாளாக?"

இன்ஷா பழக்கதோஷத்தில் உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் மாத்திச் சொல்ல வேண்டாம்ளா. நீ ஒனக்காவப் பேசு," என்றாள் சைனபு.

இன்ஷா பேசினாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு நிறுத்த முடியாமல், முழுக்க இந்தியில். டாக்டரம்மா இடையிடையே கேட்டார். ஒரு சீட்டில் மனநல டாக்டர் ஒருவரின் பெயரை எழுதினார். மகளின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்த சைனபு, என்ன சொன்னாவ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.