விசிறி போட்ட சுருதி

எங்களுக்கு முன்னால் மேடையேறிய மூன்று குழுக்களும் கவிழ்ந்துவிட்டன.

மோசமாகப் பாடுகிறவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடி முடிவதற்குள் நாலு குரலும் நாலு திசைக்குப் போய்விடும். ஜனங்கள் சோளப்பொரியைக் கொறித்தபடி நாற்காலியில் நெளிந்தார்கள்.

எங்கள் ஊர் அறுவடைத் திருவிழாவில் இந்தப் போட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். வாத்தியமே கிடையாது, நாலு பேர், நாலு குரல், அவ்வளவுதான். எங்கள் குழுவில் மெட்டைப் பாடுகிறவள் கோரின். அவளுக்கு மேலே ட்வைலா, எல்லாருக்கும் அடியில் வெர்னா. நான் நடுக்குரல். மற்ற மூன்று பேரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுகிற சுரம் எனக்கு.

"மார்லிஸ், உனக்கென்னம்மா, மீந்ததைச் சாப்பிட்டே வளந்தவ நீ," என்று கோரின் அடிக்கடி வம்பிழுப்பாள்.

மேடைக்குப் பின்னால் நின்றபோது அவள் வம்பிழுக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னதான் ஆச்சு எல்லாருக்கும்? சாபமா?"

"சாபமில்ல, விசிறி," என்றாள் வெர்னா.

பூங்காவை ஒட்டி தானியக் கிடங்கு. சோளம் காயவைக்கிற ராட்சத விசிறிகள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. 'ஊ...' என்று ஒரே சத்தம். அறுவடை மாதத்தில் எங்கள் காதுக்கு அது பழகிப்போன சத்தம். அதனால் வெர்னாவைத் தவிர எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"அது வெறும் இரைச்சல் இல்லடி," என்றாள் வெர்னா. " அது ஒரு சுரம். நல்லா கேளு."

சுரங்களுக்கு எங்களிடம் ஆங்கில எழுத்துப் பெயர்கள்தான், ஏ-யிலிருந்து ஜி வரை. கோரின், தொடக்கச் சுரம் கொடுக்கிற தன் சுருதிக் குழலை எடுத்து 'ஏ' ஊதினாள். விசிறி அதைவிட மயிரிழை கீழே இருந்தது. கிட்டத்தட்ட 'ஏ'தான்.

"நம்ம முதல் பாட்டு பி ஃபிளாட்," என்றாள் வெர்னா. "ரெண்டுக்கும் நடுவுல அரை சுரம்தான் தூரம். அதைவிட மோசமான பக்கத்து வீடு கிடையாது. எங்க, பி ஃபிளாட்டப் பிடிங்க. வாயைத் திறக்காம, மெதுவா."

பிடித்தோம். என் பல்லெல்லாம் கூசியது. எங்கள் குரலும் விசிறியின் குரலும் உரசிக்கொண்டு காதுக்குள் கடகடவென்று அதிர்ந்தன.

"இப்ப வழுக்கிக்கிட்டே கீழ வாங்க. நிறுத்தாம."

இறங்கினோம். அதிர்வு மெதுவானது. இன்னும் மெதுவாக, ஊஞ்சல் நிற்கப்போகிற மாதிரி. பிறகு நின்றேவிட்டது! நாலு பேரும் விசிறியும் ஒரே கோட்டில் இருந்தோம். என் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது.

"ஐயோ, இன்னொரு தடவ!" என்றாள் ட்வைலா.

"இன்னொரு தடவ எல்லாம் மேடையில," என்றாள் வெர்னா. "விசிறியே நமக்கு ஆதார சுருதி. குழலப் பையில போடு கோரின்."

"ஆறு மாசமா பி ஃபிளாட்ல பாடிட்டு இப்ப மாத்தச் சொல்றியா? உனக்குக் கிறுக்கா?"

"சுரத்துக்குச் சுரம் உள்ள தூரம் மாறலையே. வீட்டையே அப்படியே தூக்கி அரை சுரம் கீழ வெக்கிறோம், அவ்வளவுதான்."

"சரி, ரெண்டாவது பாட்டு?" என்று கேட்டேன். "அது 'ஈ'ல இருக்கே."

வெர்னா விரல் விட்டு எண்ணினாள். "ஈ-லருந்து எண்ணினா விசிறி நாலாவது படியில வந்து உக்காருது. நாம முடிக்கிற நேரத்துல முட்டிக்கிட்டு நிக்கும், முடிக்க விடாது. அரை சுரம் ஏத்தி எஃப்ல பாடினோம்னா அது மூணாவது படி. ஜம்முனு இருக்கும். விசிறி மயிரிழை கீழ இருக்குல்ல, குரல் ஒட்டணும்னா மூணாவது படி அப்படித்தான் இருக்கணும்."

"ஏத்தணுமா?" ட்வைலாவின் முகம் வெளுத்தது. "உச்சியில எனக்கு இப்பவே நாக்கு தள்ளுது. செத்தே போவேன்."

"பாடிட்டுச் சாவு," என்றாள் கோரின். குழல் பைக்குள் போனது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் கோரின் குழலை எடுக்காமல் நின்றதும் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தலையைச் சாய்த்து விசிறியைக் கேட்டாள், மூச்சை இழுத்தாள். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. விசிறி எங்களுக்கு அடியில் தரை மாதிரி விரிந்து கிடந்தது. எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வர இடமிருந்தது. பாட்டு முடிந்தபோது சோளப்பொரி கொறிக்கிற சத்தம்கூட இல்லை. பிறகு கைதட்டல் இடித்துக்கொண்டு வந்தது.

இரண்டாவது பாட்டை எஃப்பில் எடுத்தோம். விசிறியின் சுரம்தான் இப்போது என் சுரம், மூன்றாவது படி. நான் பாடுகிறேனா அது பாடுகிறதா என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு குஷி! ட்வைலா மேலே பறந்தாள். கடைசி அடிக்கு வந்தோம்.

அப்போது விசிறி நின்றது.

சட்டென்று நிற்கவில்லை. அவ்வளவு பெரிய விசிறி சுற்றிச் சுற்றித்தானே ஓய வேண்டும்? 'ஊஊ...' என்று அது சறுக்கிக்கொண்டே இறங்க, அதோடு ஒட்டியிருந்த நானும் இறங்கினேன். என் காலடியில் பலகை உருவப்பட்ட மாதிரி இருந்தது. ட்வைலாவின் கண்கள் என்னைப் பார்த்து விரிந்தன. கோரின் ஊசலாடினாள்.

வெர்னா மட்டும் அசையவில்லை. நேராக என்னைப் பார்த்தபடி தன் எஃப்பை ஆணி அடித்த மாதிரி பாடினாள். எனக்குப் புரிந்தது. விசிறி போனால் போகட்டும், தூரம் போகவில்லையே. அவள் குரலில் கால் வைத்தேன். எஃப், ஜி, ஏ. இரண்டு படி ஏறி என் இடத்தில் நின்றேன். கோரின் நிமிர்ந்தாள். ட்வைலா கண்ணை மூடிக்கொண்டு உச்சிக்குத் தாவினாள்.

கிடைத்தது!

பூங்கா முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் எங்கள் நாலு சுரமும் பூட்டிக்கொண்டன. அவற்றுக்கும் மேலே, எங்களில் யாருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று கணீரென்று எழுந்தது. சுரங்களின் தூரம் துல்லியமாக அமைந்தால் மட்டும் கேட்கிற குரல் அது. ஆறு மாதப் பயிற்சியில் ஒருமுறைகூட எங்களுக்கு அது வாய்த்ததில்லை. கூட்டம் எழுந்து நின்றது. யாரோ தொப்பியை விட்டெறிந்தார்கள்.

படியிறங்கினால், கிடங்கு மேலாளர் டுவேன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எல்லாரும் தடுமாறுறாங்கன்னு சொன்னாங்க. சோளம் வீணாப் போனா போகட்டும்னு உங்களுக்காகத்தான் நிறுத்தினேன். உதவியா இருந்துச்சா?"

கோரின் தலையில் கைவைத்துக்கொண்டாள். வெர்னா அவர் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ரொம்ப உதவிங்க," என்றேன் நான்.

அடுத்த குழு பாடி முடித்து, நடுவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் எலுமிச்சைச் சாறு விற்கிற வண்டிக்குப் பின்னால் வட்டமாக நின்றிருந்தோம்.

"அந்தக் கடைசி இடம், இன்னொரு தடவ," என்றாள் ட்வைலா.

"செத்துப் போவேன்னியே?"

"பேசாம எஃப்பக் குடு வெர்னா!"

ஒலிபெருக்கியில் முதல் பரிசுக்கு எங்கள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். எங்களுக்குக் கேட்கவில்லை.