பன்னிரண்டாம் பாகத்துக் கம்பி

ஆர்லிஸ் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துக் கணவர் டெல்பர்ட்டின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "பன்னெண்டாவதப் போடு," என்றார்.

"இப்பவா?"

"சனிக்கிழமை வரைக்கும் தாங்குவேன்னு அந்த நர்ஸ் சொன்னாளா?"

"அவ எதுவும் சொல்லல."

"சொல்ல மாட்டா. நல்ல பொண்ணு."

சோபா இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே அயோவாவின் ஜனவரிப் பனி வேலிக் கம்பம் பாதி வரை ஏறியிருந்தது. ஆர்லிஸ் ஈரத் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பன்னிரண்டாம் பாகத்தை அவர் பார்க்கக் கூடாது என்று மூன்று மாதமாக அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டின் நிலவறையில் நடந்த வேலை அது. ஒரு காலத்தில் சனிக்கிழமைக்கு ஒரு பாகமாகக் கொட்டகைகளில் ஓடிய தொடர் படங்கள். ராக்கெட், இயந்திர மனிதன், வேற்றுக் கிரகத்துச் சக்கரவர்த்தி. மூடிப்போன கொட்டகைகளிலிருந்தும் தானியக் கொட்டில்களிலிருந்தும் சுருள்களைத் தேடி எடுத்து, டெல்பர்ட் கழுவி ஒட்டி ஸ்கேன் செய்வார். பள்ளிச் சமையற்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆர்லிஸ் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு படச் சட்டமாகத் தூசியையும் கீறலையும் அகற்றுவாள். முடிந்த பாகங்களை இருவரும் அதே கணக்கில் சனிக்கிழமைக்கு ஒன்றாகப் பார்ப்பார்கள். பிறகு அது டிவிடியாகி யார் யார் வீட்டுக்கோ போகும்.

அக்டோபரில் அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது கடைசிப் பாகம் அவள் கையில் இருந்தது. அதுவரை வந்த சுருள்களெல்லாம் நகலுக்கு நகல். அவற்றில் ராக்கெட் பொம்மையைத் தொங்கவிட்ட கம்பி புகையோடு புகையாக மறைந்திருக்கும். இதுவோ நல்ல பிரதி. இரண்டு கம்பிகளும் துணி காயப்போட்ட கொடி மாதிரிப் பளிச்சென்று தெரிந்தன. பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. வீடு திரும்பும் மனிதருக்கு ஒரு பரிசாக இருக்கட்டும் என்று கம்பிகளை அழிக்கத் தொடங்கினாள். ஆயிரத்து நூற்று நாற்பது சட்டங்கள். முடித்துவிட்டுப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தாள். ஸ்கேன் செய்த மறுமாதமே சுருள் காடி நாற்றம் எடுத்து உதிர்ந்துபோயிருந்தது. அதனால் அந்தக் கம்பிகள் இனி எங்கும் இல்லை என்றே நினைத்தாள்.

வீடு திரும்பிய மறுநாள் டெல்பர்ட், நெப்ராஸ்காவில் இருக்கும் நண்பர் வெர்லினோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. வேறு யாரோ வெளியிட்ட ஒரு பழைய படத்தைப் பற்றிய பேச்சு.

"கம்பிய அழிச்சிட்டானுங்க வெர்லின். மேல பரண்ல குப்புறப் படுத்துக்கிட்டு அதப் புடிச்சிருந்தவன் பேர எந்த டைட்டில்லயும் போடல. அந்தக் கம்பி ஒண்ணுதான் அவன் அங்க இருந்தான்ங்கறதுக்குச் சாட்சி. அதையும் தொடச்சிட்டா எப்படி?"

ஆர்லிஸ் கையில் இருந்த காப்பியை அப்படியே திருப்பி அடுக்களைக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பிறகு அவர் படி இறங்க முடியாதவராகிவிட்டார்.

இப்போது அவள் டிவிடித் தட்டைப் போட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பதினோராம் பாகத்தின் முடிவு முதலில் வந்தது. நாயகன் பூட்டிய அறைக்குள் நிற்க, அறை வெடித்துச் சிதறியது. அடுத்து அதே காட்சி மறுபடி. இம்முறை அவன் வெடிப்பதற்கு முன்பே ஜன்னல் வழியே குதித்தான்.

"போன வாரம் அந்த ஜன்னலே இல்ல," என்றாள் ஆர்லிஸ்.

"எனக்கும் ஒரு ஜன்னல் வப்பாங்க பாரு." அவர் உதடு சிரிப்புக்குக் கோணியது.

ராக்கெட் வந்தது. மலைக்கு மேலே, எதிலும் தொங்காமல், சொந்தமாகப் பறந்து வந்தது. ஆர்லிஸ் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அது மாறவில்லை.

படம் முடிந்தது.

"ஒரு தூசி இல்ல," என்றார்.

"டெல், அந்தக் கம்பி..."

"கொஞ்சம் தண்ணி குடு."

பஞ்சை நனைத்து ஒற்றினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் மறுபடி வாயைத் திறந்தபோது விரல்கள் சற்று இறுகின. அப்படியே தூங்கிப்போனார். நாலு மணிக்கு வெளிச்சம் சாயும்போது அந்தப் பிடி தளர்ந்தது. ஆர்லிஸ் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு கர்த்தருடைய ஜெபத்தை முழுவதும் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை அடக்கம். அது முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கும் காப்பியும் பரிமாறினார்கள். பாடகர் குழுவின் நாடீன் ஆர்லிஸின் தட்டில் இரண்டாவது ரொட்டியை வைத்தாள்.

"சாப்புடு. நீ சாப்புடற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். எனக்கு முழங்கால் வேற வலிக்குது, தெரிஞ்சுக்கோ."

ஆர்லிஸ் ஒரு கடி கடித்தாள். அப்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நெட்டை மனிதர் வந்து நின்றார். குரலைக் கேட்ட பிறகுதான் அது வெர்லின் என்று தெரிந்தது. ஒன்பது மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"பன்னெண்டோட கடைசிச் சுருள். என் பிரதி. ஒங்களோடது மாதிரி இல்ல, ஒரே கீறல். ஆனா கம்பி இருக்கு."

ஆர்லிஸின் கை நின்றது. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"டெல்தான். நவம்பர்ல. நீங்க பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை. படில உக்காந்து உக்காந்து எறங்கிப் போய்ப் பாத்திருக்கான். 'ஒன் பிரதிய ஸ்கேன் பண்ணி வச்சுக்கோ, இப்ப அனுப்பாத. நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரிய வேணாம். மூணு வாரம் கண்ணு செவக்க ஒக்காந்திருக்கா'ன்னான்."

"திட்டலையா?"

"அவனா? ஒரு மணி நேரம் பெருமை அடிச்சான். கம்பி இருந்த எடத்துல வானத்த அவ எப்படி ஒட்டியிருக்கா பாருன்னு. எனக்குக் காதே வலிச்சுது." வெர்லின் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "எத வெளில அனுப்பறதுங்கறத அவ பாத்துப்பான்னான். அவ்வளவுதான்."

அப்படியானால் அந்தக் கடைசி நாளில் அவர் பார்த்தது இரண்டாம் முறை. ஆர்லிஸ் கைக்குட்டையை மெதுவாக மடித்து வெர்லினிடம் கொடுத்தாள். பென் டிரைவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரொட்டி எடுத்துக்குங்க," என்றாள். "ஒன்பது மணி நேரம் திரும்பிப் போகணும்."

திங்கட்கிழமை காலை டிவிடி அடிக்கும் ஆலைக்குப் போன் செய்து, கடைசிப் பாகம் மட்டும் ஒரு மாதம் தாமதமாகும் என்றாள். பிறகு நிலவறைக்கு இறங்கிப்போனாள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

வெர்லினின் பிரதியில் மழை பெய்வதுபோல் கீறல்கள். அதற்குள் ராக்கெட் மலைக்கு மேலே ஆடி ஆடி வந்தது. அதன் முதுகிலிருந்து கிளம்பிய இரண்டு கம்பிகள் லேசாக நடுங்கின. படத்தின் மேல் விளிம்பு வரை போயின. அதற்கு மேல் தெரியவில்லை.

ஆர்லிஸ் முதல் சட்டத்தில் நிறுத்தினாள். கம்பியை ஒட்டி ஒரு தூசி இருந்தது. கம்பியைத் தொடாமல் அதை எடுத்தாள்.